சில்லென்று இருக்க வேண்டிய ரிவெட்டுகள்

முதல் ரிவெட்டிலேயே சத்தம் வேறாக இருந்தது.

நல்ல ரிவெட் அடிபடும்போது, பிசைந்த மாவை உள்ளங்கையால் தட்டுவதுபோலத் தணிந்த ஓர் ஒலி வரும். அன்று வந்தது கல்லில் தட்டிய ஒலி. கையில் பிடித்திருந்த, காற்றில் ஓடும் ரிவெட் கன் மணிக்கட்டு வரை அதிர்ந்தது.

கோவில்பதாகையில் ஒரு வீட்டின் பின்புறம், ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஷெட். ஏப்ரல் மாதம், ஈஸ்டருக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை. காலை பத்து மணிக்கே கூரை காய்ந்து 'டிக், டிக்' என்று சத்தமிட்டுக்கொண்டிருந்தது. வாசல் நிலையில், அன்று காலைப் பூசையில் வாங்கி வந்த குருத்தோலைச் சிலுவை ஒன்றைச் செருகியிருந்தார்கள். நடுவே நீண்ட மேசை. மேசைமேல் பன்னிரண்டு அடி நீளத்தில், ஒரு விமானத்தின் இடது இறக்கைக்கான ஸ்பார். ஸ்பார் என்றால் இறக்கையின் முதுகெலும்பு. இறக்கை தாங்குகிற பாரமெல்லாம் அதில்தான் வந்து இறங்கும்.

அதன் அடிப்பகுதியில் நாற்பத்திரண்டு ரிவெட்டுகள் அடிக்க வேண்டும். நான் கன் பிடித்திருந்தேன். எதிர்ப்பக்கம் பெனடிக்ட் சார் டாலி பிடித்திருந்தார்.

முதல் ரிவெட் முடிந்ததும் அந்தப் பக்கத்திலிருந்து இரண்டு தட்டு கேட்டது. 'நன்றாக வந்திருக்கிறது, அடுத்தது' என்று அர்த்தம்.

நான் அடுத்ததை எடுத்தேன்.

பஸ்ஸிலிருந்து விமானத்துக்கு

இரண்டு வாரங்களுக்கு முன் இந்தத் தொடரில், அம்பத்தூர் எஸ்டேட்டில் பஸ் பாடி கட்டும் கம்பெனியில் நான் வேலை பார்த்ததை எழுதியபோது, 'பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் ஏரோப்ளேன் கட்டப் போனேன்' என்று ஒரே வரியில் தாண்டிவிட்டேன். திருநின்றவூரிலிருந்து ஒரு வாசகி, 'அது நிஜமா, இல்லை பேச்சுக்குச் சொன்னதா?' என்று கார்டு போட்டிருக்கிறார். நிஜம்தான் அம்மா.

பெனடிக்ட் சார் தூத்துக்குடிக்காரர். ஆவடியில் ராணுவத் தொழிற்சாலை ஒன்றில் டிராயிங் போடுகிற வேலை. முப்பத்தைந்து வயதிருக்கும். இரண்டு பேர் உட்காரும் சிறிய விமானத்தின் வரைபடங்களை எங்கிருந்தோ தபாலில் வரவழைத்திருந்தார். அனுமதிக்காக டெல்லிக்கு எத்தனையோ கடிதம் எழுதி, ஒருவழியாகப் பதிலும் வாங்கியிருந்தார். வரைபடத்தில் ஒரு கோடு தவறாக இருந்தால் தூக்கத்தில்கூடக் கண்டுபிடிப்பார். ஆனால் தகட்டை வெட்டக் கொடுத்தால் விரலை வெட்டிக்கொள்வார்.

அவர் எங்கள் கம்பெனிக்கு வந்தது ஓர் ஆளைத் தேடி. விமானத்தின் வால் பகுதி ஒடுக்கமான குழல். உள்ளே நுழைந்து டாலி பிடிக்க ஒல்லியான, ரிவெட் வேலை தெரிந்த ஆள் வேண்டும். மேஸ்திரி என் பக்கம் கை காட்டினார்.

"அதோ கீது பாரு தேவகி. தண்ணி பைப்புல உட்டாகூட அந்தாண்ட வந்துடும். எட்த்துக்கினு போ சார்."

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

"நான் ஐ.டி.ஐ.ல ஷீட் மெட்டல் படிச்சுப் பாஸ் பண்ணவ சார். உள்ள உட்கார்ந்து டாலி பிடிக்கிறேன். ஆனா வெளிய வர்ற வேலைக்கு கன் நான்தான் பிடிப்பேன்" என்றேன்.

பெனடிக்ட் சார் யோசிக்கவே இல்லை. "அப்பாடா. எனக்கு கன்னைப் பாத்தாலே பயம்" என்றார்.

டாலி பேசும் பாஷை

ரிவெட் அடிப்பது எப்போதும் இருவர் வேலை. ரிவெட் என்பது தலை வைத்த குட்டையான அலுமினிய ஆணி. இரண்டு தகடுகளின் துளை வழியே அதை நுழைத்து, தலைப்பக்கம் கன்னால் அடிப்பார்கள். மறுபக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் வாலின்மேல் இன்னொருவர் கனமான எஃகுக் கட்டியை அழுத்திப் பிடிப்பார். அதுதான் டாலி. கன்னுக்கும் டாலிக்கும் நடுவில் வால் நசுங்கி இன்னொரு தலையாகிவிடும்.

இருவருக்கும் நடுவில் தகடு இருப்பதால் முகம் தெரியாது. கம்ப்ரஸர் இரைச்சலில் பேச்சும் கேட்காது. எனவே டாலிக்காரர் தகட்டைத் தட்டிச் சொல்வார். ஒரு தட்டு என்றால் இன்னும் கொஞ்சம் அடி. இரண்டு என்றால் போதும். மூன்று என்றால் கெட்டுவிட்டது, கழற்று.

பஸ் கம்பெனியில் இரண்டு வருஷம் நான் உள்பக்கம் டாலி பிடித்திருக்கிறேன். வெளியே நின்று அடிப்பவருக்கு மூன்று தட்டு கொடுத்தால் கோபம் வரும். "இன்னா, சும்மா சும்மா தட்டுற? பஸ்ஸு இன்னா பறக்கவா போவுது?" என்பார். மூன்று தட்ட வேண்டிய இடத்தில் நான் இரண்டு தட்டிய நாட்கள் உண்டு. அதைச் சொல்லாமல் இந்த அத்தியாயத்தை எழுத எனக்கு மனசு வரவில்லை.

எண்ணெய் வைக்காத தலை

விமானத்தில் எல்லாமே ரிவெட் இல்லை. சில இடங்களில் பசை போட்டு ஒட்டி, அதற்குமேல் ரிவெட் அடிக்க வேண்டும். இரண்டு டியூபிலிருந்து பிதுக்கிக் கலக்கும் பசை. மரத்தை ஒட்டுவதுபோல அலுமினியத்தைச் சும்மா ஒட்டிவிட முடியாது. தகட்டைத் தேய்த்து, கழுவி, துளி எண்ணெய்ப் பிசுக்குகூட இல்லாமல் செய்ய வேண்டும்.

சுத்தமாகிவிட்டதா என்று பார்க்க எளிய சோதனை ஒன்று உண்டு. தகட்டைச் சாய்த்து நல்ல தண்ணீரை ஊற்ற வேண்டும். தண்ணீர் கண்ணாடிபோல ஒரே படலமாக நின்றால் சுத்தம். தாமரை இலையில் உருளுவதுபோல முத்து முத்தாகப் பிரிந்தால் எங்கோ எண்ணெய் இருக்கிறது.

எங்கள் தகடு ஆரம்பத்தில் எப்போதும் முத்துக் கட்டியது. சார் கழுவுவார், நான் தேய்ப்பேன், மறுபடி ஊற்றுவோம். மறுபடி முத்து. கழுவும் பவுடரை மாற்றினோம், துணியை மாற்றினோம். மூன்றாவது ஞாயிறு சாரின் மனைவி ஸ்டெல்லா அக்கா காபி கொண்டு வந்து வைத்துவிட்டு, கொஞ்ச நேரம் நின்று பார்த்தார்.

"ஏம்மா தேவகி, நிமிசத்துக்கு ஒருக்கா சடையத் தூக்கிப் பின்னால போடுதியே. அந்தக் கையாலதான தகட்டத் தொடுத?"

தேங்காயெண்ணெய் தடவி வழித்துச் சீவிய சடை. சார் என் தலையைப் பார்த்தார். நான் தகட்டைப் பார்த்தேன். எனக்கு வந்த வெட்கத்தில் காபி இறங்கவில்லை.

அதற்கப்புறம் பசை வேலை இருக்கும் வாரங்களில் வியாழக்கிழமையே சீயக்காய் போட்டுத் தலையை அலசிவிடுவேன். எண்ணெய் கிடையாது. நெமிலிச்சேரியில் எங்கள் வீட்டில் அதற்கு ஒரு சண்டை.

"இன்னாடி இது, சாவு ஊட்டுக்குப் போறவ மாரி தலைய விரிச்சிக்கினு கீற? பாக்குறவ இன்னா நெனப்பா?" என்று அம்மா கத்துவாள்.

"ஏரோப்ளேனுக்கு எண்ணெ ஆவாதாம்மா."

"ஏரோப்ளேனுக்கு ஆவாதுன்னா ஏரோப்ளேனுக்குப் பூசாத. உன் மண்டைக்கு இன்னா கேடு?"

நான் ரயிலுக்கு ஓடிவிடுவேன்.

செய்தவர் பெயர்

விமான வேலைக்கு ஒரு நோட்டு உண்டு. என்றைக்கு எந்தப் பாகம் செய்தோம், எந்தத் தகடு, எந்த ரிவெட் என்று எல்லாம் அதில் எழுதியாக வேண்டும். கடைசிப் பத்தியில் 'செய்தவர்' என்று இருக்கும். விமானப் போக்குவரத்துத் துறையிலிருந்து வரும் ஆய்வாளர் முதலில் கேட்பதே அந்த நோட்டைத்தான்.

முதல் சில வாரங்கள் சார் அந்தப் பத்தியில் தன் பெயரையே எழுதினார். எனக்கு அது உறுத்தியது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பா பட்டாபிராம் பக்கம் லோடு இறக்குகிற வேலை. எத்தனையோ கட்டடங்களுக்குச் செங்கலும் சிமெண்டும் அவர் முதுகில் போயிருக்கின்றன. எந்த இடத்திலும் அவர் பெயர் கிடையாது. ஒவ்வொரு ஞாயிறும் நான் வீடு திரும்பியதும், "உம் பேர நோட்டுல போட்டாங்களா?" என்று மட்டும் கேட்பார். விமானம் எவ்வளவு முடிந்தது என்று ஒருநாளும் கேட்டதில்லை.

ஒருநாள் சாரிடம் சொல்லியேவிட்டேன். "அடிச்சது நான். அந்த இடத்துல என் பேர்தானே வரணும்?"

அவர் பேனாவை என்னிடம் நீட்டினார். "சரிதான். ஆனா ஒண்ணு. பேர் போட்டா அந்த வேலைக்கு நீங்கதான் பொறுப்பு. ஆய்வாளர் வந்தா உங்களத்தான் கேப்பாரு. பரவால்லயா?"

"கேட்கட்டும் சார்" என்றேன். என் குரலில் இருந்த மிடுக்கு இப்போதும் எனக்கு நினைவிருக்கிறது.

ஃப்ரிட்ஜுக்குள் ஒரு டப்பா

ஸ்பாருக்கு மட்டும் ரிவெட் வேறு. சாதாரண ரிவெட்டைவிடப் பலமான கலவை. அப்படியே அடித்தால் உடையும். அதை உலையில் காய்ச்சி உடனே தண்ணீரில் முக்கினால், கொஞ்ச நேரத்துக்கு மட்டும் மெழுகுபோல மிருதுவாக இருக்கும். வெளியே வைத்தால் பத்து நிமிஷத்துக்குள் தானாகவே இறுகத் தொடங்கிவிடும். ஐஸில் வைத்தால் அந்த இறுக்கம் தள்ளிப்போகும். வெளியே எடுத்ததும் சட்டென்று அடித்துவிட வேண்டும். அடித்த பிறகு அது இறுகினால் நல்லது. அடிப்பதற்கு முன்னால் இறுகினால் விரிசல்.

எஸ்டேட்டில் ஹீட் ட்ரீட்மெண்ட் கடை ஒன்று உண்டு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அங்கே காய்ச்சி, ஐஸ் நிரப்பிய கேனில் கொண்டுவந்து, ஸ்டெல்லா அக்காவின் ஃப்ரிட்ஜில் ஐஸ் கட்டும் அறையில் வைத்தோம். அந்தத் தெருவில் அது ஒன்றுதான் ஃப்ரிட்ஜ். பக்கத்து வீட்டு இட்லி மாவு, எதிர்வீட்டுக்காரரின் ஊசி மருந்து, நடுவில் எங்கள் ரிவெட் டப்பா.

"அக்கா, இது எப்பவும் சில்லுன்னு இருக்கணும்" என்று சொல்லிவிட்டு வந்தேன். அதைவிட விளக்கமாகச் சொல்ல வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை, சாருக்கும் தோன்றவில்லை.

செவ்வாய்க்கிழமை ஆய்வாளர் வருவதாக இருந்தது. இந்தத் தேதி கிடைக்க சார் நாலு மாதம் நடந்திருந்தார்.

இரண்டு தட்டு

இப்போது அந்த ஞாயிற்றுக்கிழமைக்கே வருகிறேன்.

இரண்டாவது ரிவெட்டும் கல்லாகத்தான் ஒலித்தது. முந்தின வாரம் துண்டுத் தகடுகளில் இதே ரிவெட்டை அடித்துப் பழகியிருந்தேன். அது எப்படி ஒலிக்கும் என்று என் காதுக்குத் தெரியும். ஸ்பார் தடிமனான உலோகம், அதனால்தான் இந்தச் சத்தம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஐந்தாவதில் காற்றின் அழுத்தத்தைக் கொஞ்சம் கூட்டினேன்.

அந்தப் பக்கத்திலிருந்து இரண்டு தட்டு. சார் அளவுச் சட்டம் வைத்து அகலமும் உயரமும் பார்த்துத்தான் தட்டினார். அளவு சரியாகவே இருந்தது.

நாற்பத்திரண்டும் முடிந்தன. ஸ்டெல்லா அக்கா கருப்பட்டிக் காபி கொண்டுவந்தார். சார் பச்சை பிரைமரைக் கலக்கி, பிரஷ்ஷைத் தோய்த்து, பூசத் தயாராக நின்றார். பூசிவிட்டால் ரிவெட்டின் தலையெல்லாம் பச்சைக்குள் போய்விடும்.

நான் காபியைக் கையில் வைத்துக்கொண்டே மேசையைச் சுற்றி அவர் பக்கம் போனேன். பூதக்கண்ணாடியை எடுத்தேன். ஆறாவது ரிவெட்டின் நசுங்கிய தலையில், ஓரத்திலிருந்து உள்ளே, தலைமுடியைவிட மெல்லிய ஒரு கோடு. ஒன்பதாவதில் இரண்டு கோடு. பதினான்கில் ஒன்று. கடைசி வரை பார்த்ததில் இப்படி மொத்தம் ஒன்பது.

"என்ன தேவகியம்மா, அழகு பாக்குதியளா?" என்றார் சார். நல்ல உற்சாகத்தில் இருந்தார்.

ஒரு வாய் காபி குடித்தேன். இன்னொரு வாய் குடித்தேன். நோட்டில் அந்தப் பக்கம் திறந்தே கிடந்தது. 'செய்தவர்' பத்தியில் நான் இன்னும் எழுதவில்லை. சார் பிரஷ்ஷோடு முதல் ரிவெட்டுக்கு மேல் குனிந்தார்.

"சார், பூசாதீங்க."

பானைக்குக் கீழே

அவர் பார்த்தார். பூதக்கண்ணாடியைத் துடைத்து மறுபடி பார்த்தார். உற்சாகம் வடிந்துவிட்டது.

"ஃப்ரிட்ஜ்லேந்துதானே எடுத்தோம்? கரண்ட்கூடப் போகலையே."

எனக்குச் சட்டென்று ஒன்று தோன்றியது. "அக்கா, அந்த டப்பாவை நடுவில வெளிய எடுத்தீங்களா?"

ஸ்டெல்லா அக்கா காலி டம்ளர்களோடு நின்றார். "ஆமா, நேத்து மத்தியானம் எடுத்தேன். பெரிய வாரம் வருதுல்லா? வீடெல்லாம் கழுவுனேன், ஃப்ரிட்ஜையும் அணைச்சிட்டுக் கழுவுனேன். ஆனா டப்பாவ வெயில்ல வைக்கலம்மா. தண்ணிப் பானைக்குக் கீழ ஈர மணல்ல புதைச்சு வச்சேன். சாயங்காலம் எடுக்கச்ச எம்புட்டு சில்லுன்னு இருந்துச்சு தெரியுமா? தொடச்சு உள்ள வச்சிட்டேன்."

சாரின் முகம் சிவந்தது. "ஸ்டெல்லா, ஒரு வார்த்த..."

"என்ன ஒரு வார்த்த? சில்லுன்னு இருக்கணும்னுதான சொன்னிய? ஐஸா இருக்கணும்னா சொன்னிய?"

"அக்கா மேல தப்பில்ல சார்" என்றேன். "முதல் ரிவெட்டிலயே எனக்குச் சத்தம் தெரிஞ்சுது. தெரிஞ்சுதான் நாப்பத்திரண்டும் அடிச்சேன்."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். கம்ப்ரஸர் தானாக ஓடத் தொடங்கி, காற்று நிறைந்து, தானாக நின்றது.

"எத்தனைல விரிசல் தெரியுது?" என்று கடைசியில் சார் கேட்டார்.

"ஒன்பதுல."

"மத்ததுல?"

"கண்ணுக்குத் தெரியல."

"அப்ப அந்த ஒன்பத மட்டும்..." என்று ஆரம்பித்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அடித்த ரிவெட்டை எடுக்க வேண்டுமானால் அதன் தலையைத் துளைபோட்டு உடைக்க வேண்டும். துரப்பணம் அரை மயிரிழை நகர்ந்தாலும் ஸ்பாரின் துளை பெரிதாகிவிடும். இரண்டு மூன்று துளை கெட்டால் அந்த ஸ்பார் குப்பைக்குத்தான். அந்த உலோகம் கிடைக்க அவர் ஒரு வருஷம் காத்திருந்தார். ஒன்பது என்றால் ஒன்பது முறை பயப்பட்டால் போதும். நாற்பத்திரண்டு என்றால் நாற்பத்திரண்டு முறை.

"நோட்டுல என் பேர் வரணும்னா எல்லாத்தையும் கழட்டணும் சார். ஒன்பது மட்டும் போதும்னா உங்க பேரைப் போட்டுக்குங்க."

சொன்ன பிறகுதான் இவ்வளவு கடுமையாகச் சொல்லியிருக்க வேண்டாமோ என்று பட்டது. ஆனால் வார்த்தை வெளியே போய்விட்டது. ஸ்டெல்லா அக்கா டம்ளர்களைக் கீழே வைத்துவிட்டு சார் பக்கம் திரும்பினார்.

"இதுல ஏறிப் பறக்கப்போறது நீங்க. கீழ நின்னு பாக்கப்போறது நான். எல்லாத்தையும் கழத்துங்க" என்றார்.

அதோடு விவாதம் முடிந்தது.

பொழுது சாயும் வரை கழற்றினேன். ஒவ்வொரு தலையின் நடுவிலும் புள்ளி குத்தி, துளையைவிடச் சிறிய டிரில் பிட்டால் தலை வரைக்கும் மட்டும் துளைத்து, ஓரத்தில் தட்டி உடைத்து, மரக்கட்டையை அண்டை கொடுத்து மிச்சத்தைத் தள்ளி எடுக்க வேண்டும். மூச்சை அடக்கித்தான் ஒவ்வொன்றையும் செய்தேன். இருபத்தேழாவதில் வியர்வைத் துளி கண்ணில் விழுந்தது. பிட் வழுக்கியது. துளை கொஞ்சம் நீள்வட்டமாகிவிட்டது. மற்ற நாற்பத்தொன்றும் தப்பித்தன.

அந்த ஒன்றையும் நோட்டில் எழுதினேன். எல்லாவற்றையும் எழுதினேன். 'ரிவெட் இறுகியிருந்தது. சத்தத்தில் தெரிந்தும் அடித்தேன். எல்லாம் அகற்றப்பட்டன. 27ஆம் துளை பெரிதாகிவிட்டது. செய்தவர்: தேவகி.'

மீனா, ஏரோப்ளேனா?

திங்கட்கிழமை சாருக்கு ஷிப்ட், லீவு கிடைக்கவில்லை. "நான் வாரேன்" என்று ஸ்டெல்லா அக்கா புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

முதலில் எங்கள் கம்பெனி வாசலில் மேஸ்திரியிடம் இரண்டு நாள் லீவு சொன்னேன். "ஏரோப்ளேனுக்கா? போ போ, ஜனாதிபதி காத்துக்கினு கீறாரு" என்றார். லீவு கொடுத்துவிட்டார் என்பதே பெரிது.

ஹீட் ட்ரீட்மெண்ட் கடைக்காரர் என்னைப் பார்த்ததும் புருவத்தைத் தூக்கினார். "ஏம்மா, வெள்ளிக்கெழமதான அம்மாம் ரிவெட்டு எட்த்துக்கினு போன? துன்னுட்டியா?"

"பானைக்குக் கீழ வச்சிட்டோம்ணா."

அவருக்குப் புரியவில்லை. ஆனாலும் காய்ச்சிக் கொடுத்தார். உருகிய உப்பில் கம்பிக்கூடையை இறக்கி, நேரம் பார்த்து எடுத்து, தண்ணீரில் போட்டபோது 'சொய்ங்' என்று ஒரு சீறல். அங்கேயே கேனில் ஐஸை அடைத்து, நடுவில் டப்பாவை வைத்து, மேலேயும் ஐஸைக் கொட்டி ஓர் ஆட்டோவில் ஏறினோம்.

கொரட்டூர்க்காரரான அந்த ஆட்டோக்காரர், சொட்டும் கேனைப் பார்த்து, "இன்னா மீனு அக்கா? ஏரி மீனா?" என்றார்.

"ஏரோப்ளேன்" என்றார் ஸ்டெல்லா அக்கா.

ஆவடி வரைக்கும் அவர் கண்ணாடியில் கேனையே பார்த்துக்கொண்டு வந்தார்.

அன்று டாலி பிடித்தது ஸ்டெல்லா அக்காதான். பிடிக்கிற விதத்தையும் தட்டுகிற கணக்கையும் சொல்லிக் கொடுத்துவிட்டு, ஐஸிலிருந்து நாலு நாலாக எடுத்தேன். ஈரத்தைத் துடைத்த விரலில் குளிர் ஒட்டிக்கொண்டது. முதல் ரிவெட்டை வைத்து விசையை அழுத்தினேன்.

மாவு. நல்ல, பிசைந்த மாவு.

ஆனால் அந்தப் பக்கத்திலிருந்து வந்தது மூன்று தட்டு.

ஓடிப்போய்ப் பார்த்தேன். அழகான, வட்டமான தலை. "நல்லாத்தானேக்கா இருக்கு? ஏன் மூணு தட்டினீங்க?"

"கை நடுங்கிட்டும்மா. மூணாவது தானா விழுந்துட்டு."

இருவரும் சிரித்து முடிப்பதற்குள் மற்ற மூன்று ரிவெட்டுகளின் நேரம் போய்விட்டது. தூக்கிப் போட்டுவிட்டு வேறு எடுத்தேன். சாயங்காலம் சார் சைக்கிளை நிறுத்தும்போது நாற்பத்தொன்று முடிந்திருந்தன. இருபத்தேழாவதுக்கு ஒரு சுற்று தடித்த ரிவெட்டைத் தனியாக எடுத்து வைத்திருந்தேன். அது வரைபடத்தில் இல்லாதது. ஆய்வாளர் சம்மதித்தால்தான் அடிக்கலாம்.

செவ்வாய்க்கிழமை

ஆய்வாளர் ஒல்லியான மனிதர், முழுக்கைச் சட்டை. காபி வேண்டாம் என்றார். நோட்டை வாங்கி அந்தப் பக்கத்தை ஒருமுறை படித்தார். பிறகு உட்கார்ந்துகொண்டு மறுபடி படித்தார்.

"யார் இந்த தேவகி?"

"நான் சார்."

"இதை யார் எழுதச் சொன்னது?"

"யாரும் சொல்லல சார்."

"எழுதலேன்னா எனக்குத் தெரிஞ்சிருக்காது."

"எனக்குத் தெரியுமே சார்."

அவர் நோட்டை மேசையில் வைத்தார். சொந்தப் பையிலிருந்து பூதக்கண்ணாடியும் டார்ச்சும் எடுத்தார். முதல் ரிவெட்டிலிருந்து ஆரம்பித்தார். நேர்மையாக எழுதிவிட்டாளே, போதும் என்று அவர் விட்டுவிடுவார் என்றுதான் நினைத்தேன். விடவில்லை. ஒவ்வொன்றாகக் குனிந்து, டார்ச்சைச் சாய்த்து, சுற்றிவரப் பார்த்தார். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. ஷெட்டின் சூட்டில் அவர் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. சார் இருப்புக்கொள்ளாமல் வெளியே போனார், உள்ளே வந்தார். ஸ்டெல்லா அக்கா ஜெபமாலையை எடுத்துவிட்டார்.

நான் நின்ற இடத்திலேயே நின்றேன். பயமாக இருந்தது என்று சொன்னால் பொய். என் வேலையை இத்தனை நேரம் குனிந்து பார்த்த முதல் ஆள் அவர். எனக்கு அது பிடித்திருந்தது.

இருபத்தேழாவது துளையில் அளவுக் கம்பியை விட்டுப் பார்த்தார். நான் எடுத்து வைத்திருந்த தடித்த ரிவெட்டையும் வாங்கி அளந்தார்.

"அடிங்க. பார்க்கிறேன்."

அதுவும் அதுவரை ஐஸில்தான் இருந்தது. சார் டாலி பிடித்தார். நான் விசையை அழுத்தினேன். சத்தம் தணிந்து, சரியாக இருந்தது. இரண்டு தட்டு வந்தது. ஆய்வாளர் குனிந்து பார்த்துவிட்டு, நோட்டில் என் எழுத்துக்குக் கீழே ஒரு கோடு போட்டுக் கையெழுத்திட்டார்.

பையை மூடும்போதுதான் கேட்டார். "வலது இறக்கை ஸ்பார் எப்ப அடிக்கப் போறீங்க?"

பெனடிக்ட் சார் பதில் சொல்ல வாயெடுத்தார். ஆய்வாளர் அவரைப் பார்த்துக் கேட்கவில்லை என்று கண்டு, மூடிக்கொண்டார்.

"பெரிய வாரம் முடியட்டும் சார்" என்றேன். "அதுக்கு அடுத்த வெள்ளிக்கிழமை காலையில காய்ச்சி, அன்னிக்கே அடிச்சிடுவேன். சனிக்கிழமை நீங்க வரலாம்."

"சனிக்கிழமை" என்று சொல்லிக்கொண்டே அவர் தன் டைரியில் குறித்துக்கொண்டார்.